பீப்பாயின் மறுவாழ்வு

நுழையும்முன்

உணவைக் கெடாமல் காப்பது மனித இனத்தின் பழமையான கவலைகளுள் ஒன்று. வெயில், உப்பு, புகை ஆகிய மூன்றும் அக்கவலையைத் தீர்க்க நெடுங்காலமாக உதவி வந்துள்ளன. பயன் தீர்ந்த மரப் பீப்பாயைப் புகையூட்டும் கலமாக மாற்றிய ஸ்காட்லாந்து மீனவரின் தொழில்முறையையும், அதில் அடங்கியுள்ள அறிவியலையும் இப்பாடம் விளக்குகிறது.

பாறை முகட்டுச் சிற்றூர்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செங்குத்தான பாறை முகட்டின்மீது அமைந்துள்ள சிற்றூர் ஆக்மித்தி. ஊர் மேலே இருக்க, படகுத்துறை பாறையின் அடியில் இருந்தது. ஆடவர் கடலுக்குப் புறப்படும்போது அவர்தம் கால்கள் குளிர்நீரில் நனையாதிருக்க, பெண்கள் அவர்களை முதுகில் சுமந்து சென்று படகில் ஏற்றினர் என்று கூறுவர். பிடித்துவந்த மீனைத் தூய்மை செய்வதிலும் உப்பிடுவதிலும் புகையூட்டி விற்பதிலும் பெண்களின் பங்கே மிகுதி. மேகமும் ஈரமும் மிகுந்த அந்நிலத்தில் வெயிலை நம்பி மீனை உலர்த்த இயலாது. மீன் கெட்டுவிட்டால் ஒரு குடும்பத்தின் உழைப்பு முழுவதும் வீணாகும். எனவே புகையே அவர்களின் பிழைப்புக்குத் துணையாயிற்று.

19ஆம் நூற்றாண்டில் அக்குடும்பங்களுள் பல, அருகிலுள்ள ஆர்பிரோத் என்னும் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தன. அவர்கள் உடன் கொண்டுசென்ற தொழிலறிவில் விளைந்த உணவே 'ஆர்பிரோத் ஸ்மோக்கி' எனப்படும் புகையூட்டிய ஹாடக் மீன். மீன் வைத்திருந்த குடிசை ஒன்று தீப்பற்றி எரிந்ததாகவும், சாம்பலுக்கிடையே கிடைத்த மீன் சுவையாக இருக்கக் கண்டு இம்முறையை அறிந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதைக்குச் சான்றில்லை, தொழில்முறை இன்றும் உள்ளது.

மண்ணில் புதைத்த பாதிப் பீப்பாய்

தலையும் குடலும் நீக்கிய மீன்களை இரண்டிரண்டாக வாலில் சணல்கயிற்றால் பிணைத்து உப்பிடுவர். உப்பு மீனின் நீரை வெளியேற்றித் தசையை இறுகச் செய்யும். பின்னர்க் கழுவி, மரக்கோல்களில் தொங்கவிடுவர். மண்ணில் குழி தோண்டிப் பாதியாக அறுத்த பீப்பாயை அதனுள் இறக்குவர். தீ மரத்தைப் பற்றாதிருக்க உட்புறத்தில் பலகைக்கற்களைப் பதிப்பர். அடியில் ஓக், பீச் போன்ற வன்மரக் கட்டைகளை எரித்து, மேலே மீன்கோல்களைப் பரப்பி, நனைத்த சணற்சாக்குகளால் மூடுவர். ஈரச் சாக்கு காற்றைக் குறைப்பதால் தழல் அடங்கும். புகையும் நீராவியும் உள்ளே நிறையும். ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் மீன் வெந்து செம்பின் நிறம் பெறும். காற்று வலுத்தால் சாக்கைக் கூட்டியும், ஈரம் மிகுந்தால் குறைத்தும் வெப்பத்தை ஆளும் கைத்திறனே இத்தொழிலின் உயிர்.

பீப்பாய் ஏன்?

ஸ்காட்லாந்தில் வடிக்கப்படும் விஸ்கியைக் குறைந்தது மூன்றாண்டுகள் ஓக் மரக் கலத்தில் முதிரவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் அங்குப் பழைய பீப்பாய்களுக்குக் குறைவில்லை. பீப்பாய் ஆணியோ பசையோ இன்றி அமைவது. நடுவில் அகன்ற பலகைகளைத் தீயில் வாட்டி வளைத்து, இரும்புப் பட்டைகளால் இறுக்குவர். ஈரத்தில் பலகைகள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். உலர்ந்தால் சுருங்கிக் கசியும். நீரைத் தாங்க இயலாத அக்கலம் புகையைத் தாங்கப் போதுமானது. தடித்த மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் குளிர்காற்றிலும் உள்வெப்பம் நிலைக்கும்.

புகை செய்யும் பணி

மரம் கனலும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து பீனால் வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன. மணம் தருபவை இவையே. கொழுப்பு கெடுவதைத் தாமதப்படுத்துபவையும் இவையே. செல்லுலோஸ் சிதைவதால் உண்டாகும் சேர்மங்கள் உணவுக்குப் பொன்னிறம் தருகின்றன. புகையிலுள்ள ஃபார்மால்டிஹைடும் அமிலங்களும் மேற்பரப்பில் நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஆயினும் புகை மேற்பரப்பிலேயே தங்கும். உட்பகுதியைக் காப்பவை உப்பும் உலர்வும் வெப்பமுமே. பிசின் மிகுந்த பைன் போன்ற மரங்கள் கரிப்படலத்தையும் கசப்பையும் தருவதால் அவற்றை ஒதுக்குவர்.

முற்றத்துப் பீப்பாய்

அமெரிக்காவில் போர்பன் விஸ்கியைப் புதிய கலத்தில்தான் முதிரவிட வேண்டும். ஒருமுறை பயன்பட்டு வெளிவரும் பீப்பாய்களை அங்குச் சிலர் இறைச்சிக்குப் புகையூட்டும் கலமாக மாற்றுகின்றனர்.

முதற்பணி தேர்வு. உணவுப்பொருளோ திராட்சை மதுவோ இருந்த பீப்பாயே ஏற்றது. எண்ணெயும் வேதிப்பொருளும் வண்ணமும் ஊறிய மரம் நஞ்சை வெளியிடும். அடுத்தது இறுக்கம். மரம் உலர்ந்தால் பட்டைகள் நழுவும். ஆகவே அறுப்பதற்கு முன்னரே ஒவ்வொரு பலகையோடும் பட்டையைத் திருகாணியால் பிணைக்க வேண்டும். பின்னர் மேல்வட்டத்தைப் பெயர்த்துக் கைப்பிடியுள்ள மூடியாக்கி, அதில் புகை வெளியேறத் துளையிட வேண்டும். உட்புறத்தில் இரும்புக்கோல்களைப் பொருத்த வேண்டும்.

தீயை எங்கே வைப்பது என்பதே முதன்மையான வினா. பீப்பாய்க்குள் வைத்தால், செங்கல்மீது அமைந்த இரும்புத் தட்டில், மரத்தைத் தொடாத தொலைவில் வைத்தல் வேண்டும். வெளியே அடுப்பிட்டு இரும்புக்குழாய் வழியே புகையை அனுப்பினால் மரம் பாதுகாப்பாக இருக்கும். புகையின் வெப்பமும் தணியும். இறைச்சியின்றி ஒருமுறை புகையூட்டிப் பார்த்தல் நன்று. கூரையிலிருந்து விலகிய வெளியில், நீரும் மணலும் அருகிருக்கச் செய்தல் இன்றியமையாதது.

நிறத்தைக் கண்டு இறைச்சி வெந்ததெனக் கருதுவது பெரும்பிழை. புகை விரைவில் நிறமூட்டிவிடும். உட்பகுதி பச்சையாகவே இருக்கலாம். கோழியிறைச்சியின் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். வெப்பமானியால் இதனை அறிவதே பாதுகாப்பு.

பெயருக்குக் காவல்

'ஆர்பிரோத் ஸ்மோக்கி' என்னும் பெயர் 2004ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. ஆர்பிரோத்திலும் அதனைச் சூழ்ந்த 8 கிலோமீட்டர் எல்லைக்குள்ளும் உரிய முறையில் உருவாகும் மீனுக்கே அப்பெயர் உரியது. நம் நாட்டின் புவிசார் குறியீட்டை ஒத்த ஏற்பாடு இது. ஆயினும் சட்டம் பெயரை மட்டுமே காக்கும். எப்போது சாக்கை விலக்க வேண்டும் என்னும் அறிவு, மூத்தோர் அருகில் நின்று பழகும் இளையோரிடம் மட்டுமே செல்லும். பழைய கலத்துக்கு மறுவாழ்வு தந்த மக்கள், அத்தொழிலறிவை அடுத்த தலைமுறையின் கையில் சேர்த்தமையால்தான் ஆர்பிரோத்தில் இன்றும் பீப்பாய்கள் புகைகின்றன.

தெரிந்து தெளிவோம்

இலங்கைச் சமையலில் பயன்படும் மாசிக்கருவாடு, மாலத்தீவில் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திச் செய்யப்படுவது. வெயில் மிகுந்த நிலத்தில் புகையும் வெயிலும் இணைந்து மீனைக் காக்கின்றன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் மீன், இறைச்சி, காய்கறி ஆகியவற்றைக் கெடாமல் காக்கும் முறைகளைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. பயன் தீர்ந்தபின் வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்ட பொருள் ஒன்றைப் பற்றி வகுப்பில் உரையாற்றுக.

மதிப்பீடு

1. ஈரச் சாக்கு தீயின்மீது ஏற்படுத்தும் விளைவு யாது?
2. நீர் கசியும் பீப்பாய் புகையூட்ட ஏற்றதாவது ஏன்? விளக்குக.
3. 'சட்டம் பெயரை மட்டுமே காக்கும்' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு ஆராய்க.