கழற்றத் தெரிந்த கட்டு

புதுச்சேரி

அன்பு மாணவிக்கு,

போன ஞாயிறு படகை இறக்கும்போது, "கயிற்று ஷாக்கிள் இரும்பைவிட உறுதியா சார்?" என்று கேட்டாய். காற்று ஏறிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, கேள்வியே கோணல் என்று பட்டது. முப்பது வருஷம் பாய் ஓட்டியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால்தான் எனக்கு எரிச்சல், உன்மேல் இல்லை.

உறுதிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 10 சதுர மீட்டர் பாயில் 15 நாட் காற்று அடித்தால் விழும் விசை ஏறத்தாழ 50 கிலோ. காற்று இரட்டித்தால் விசை நாலு மடங்கு, அதாவது 200 கிலோ. பாய் உதறும்போது விழும் வெட்டு அதைப்போல் சில மடங்கு என்றே வைத்துக்கொள். கயிற்று ஷாக்கிளுக்கு எடுக்கும் தரமான டைனீமாக் கயிறு 5 மில்லி கனத்திலேயே இரண்டு டன்வரை தாங்கும். சின்னப் படகுக்கு இரும்பும் போதும், கயிறும் போதும். ஆகவே நீ கேட்டிருக்க வேண்டியது வேறு: எது என் கைக்குத் திறக்கும்?

ஷாக்கிள் என்பது கழற்றுவதற்காக ஏற்பட்ட கட்டு. ஒரேயடியாகச் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் பற்றவைத்துவிடலாமே! நம் ஊர் உப்புக்காற்றில் இரும்பு ஷாக்கிளின் திருகாணி இறுகிப்போய், குறடு போட்டாலும் அசையாது. அதே ஆணி, பாய் உதறி உதறி நடுக்கடலில் தானாகக் கழன்று தண்ணீரில் விழும். திறக்க வேண்டியபோது திறக்காது. திறக்கக் கூடாதபோது திறக்கும். கயிற்று ஷாக்கிள் நேர்மாறு. இழுவை இருக்கும்வரை தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். இழுவை போனதும் இரண்டு விரலுக்குத் திறக்கும். கை நழுவினாலும் மிதக்கும். அதன் அடர்த்தி 0.97தான்.

இதை வெளிநாட்டுப் புதுமை என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் "நம் முன்னோர் கண்டது" என்று மார்தட்டக் கேட்டேன். இரண்டும் அரைகுறை. டைனீமா இழைதான் புதிது. நெதர்லாந்தில் 1990 வாக்கில் தொழிற்சாலைக்கு வந்த பாலிஎத்திலீன் இழை அது. ஒரு பக்கம் குமிழ், மறு பக்கம் காது என்ற அமைப்பு உன் சட்டைப் பொத்தானிலும் காஜாவிலும் இருக்கிறது. அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

ஆனால் கழற்றுவதற்காகக் கட்டுவது என்ற எண்ணம் இருக்கிறதே, அதில் நம் கரைக்குப் பேச உரிமை உண்டு. கட்டுமரம் என்ற பெயரையே பார். அது கட்டிய மரம். ஆங்கிலேயர் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போய் இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். இன்று நம் பிள்ளைகளே கேட்டமரான் என்றால் கண்ணாடி மாதிரி மின்னும் சொகுசுப் படகைக் காட்டுகிறார்கள். போகட்டும். கட்டுமரத்தின் விசேஷம் அது கட்டப்பட்டதில் மட்டும் இல்லை. தினமும் அவிழ்க்கப்பட்டதில் இருக்கிறது. கரையேறியதும் அணியத்திலும் பின்புறத்திலும் இருக்கும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். இலேசான மரம் நீர் குடித்துக் கனத்துவிடும் என்பதால் அப்படி. மறுமுறை போகும்போது மறுபடி கட்டு. இருட்டில் கை தானாகக் கட்டும், தானாக அவிழ்க்கும். வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் இப்போது ஃபைபர் படகுகளே நிற்கின்றன. அவிழ்க்கும் வேலையும் அதோடு போயிற்று.

சலங்கு என்ற படகையும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காலத்தில் துறைமுகம் இல்லாத புதுச்சேரியில் கப்பல்கள் எட்டவே நங்கூரமிட்டன. அலையைத் தாண்டிச் சரக்கும் ஆளும் ஏற்றி இறக்கியது சலங்கு. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் 'செலேங்' என்றார்கள். 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையிடம் கப்பல் வரும் செய்தி வந்தாலே சலங்கும் பின்னால் வந்துவிடும். அவரை அரசியலுக்காகப் படிப்பவர்கள் படிக்கட்டும், நான் சலங்குக்காகவே பக்கம் புரட்டியவன். பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது, ஆணி கிடையாது. அலை தூக்கி மணலில் அறைந்தால் உடல் நெளிந்து கொடுக்கும். தையல் நைந்தால் பிரித்து மறுபடி தைப்பார்கள். ஆணியடித்த படகை அப்படிப் பிரித்துப் பார், பலகை பிளக்கும்.

நீ தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது; செய்முறைக்கு வருகிறேன்.

குழல் பின்னலான 5 மில்லி டைனீமா, ஒன்றேகால் மீட்டர் எடு. இரண்டாக மடி. மடிப்பில் சிறு கண்ணி விட்டு, ஒரு காலை மற்றக் காலின் பின்னலுக்குள் நுழைத்து, ஒரு சாணுக்கு உள்ளேயே ஓட்டி வெளியே எடு. இப்போது மேலே இருக்கும் பின்னல் பாவாடை நாடாவின் மடிப்புத் துணி மாதிரி. அதைச் சுருக்கினால் கண்ணி விரியும், நீவிவிட்டால் இறுகும். இரண்டு வால்களையும் சேர்த்து டைமண்ட் முடிச்சு போடு, அதுதான் குமிழ். முடிச்சு உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. கண்ணி முழுதாக விரிந்தால் மட்டுமே குமிழ் நுழைய வேண்டும். தாராளமாக நுழைந்தால் செய்தது தப்பு, அவிழ்த்துவிட்டு மறுபடி போடு.

கடைசியில் எல்லோரும் கோட்டை விடும் இடம் வருகிறது. இந்த இழை வழுக்கும். என் முதல் ஷாக்கிளில் அழகுக்காக வாலை ஒட்ட வெட்டினேன். முடிச்சு வாலை விழுங்கிக்கொண்டு அவிழ்ந்தது. பாய் உதறியது, பக்கத்தில் இருந்தவர் என்னைத் திட்டியது எல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு விரல்கடை வால் விடு. போட்டதும் தென்னை மரத்தில் மாட்டி, கப்பி வைத்து உன் எடைக்கு மேல் இழுத்து முடிச்சை இறுக்கு. அதற்குப் பிறகுதான் அதைப் படகில் ஏற்று.

எங்கே மாட்டலாம்? பாயின் கீழ்மூலையில், தாமான் கயிறு சேரும் இடம் அதற்கென்றே இருக்கிறது. பாய் உதறி முகத்தில் அடித்தாலும் இரும்பு மாதிரிப் பல் போகாது. ஆஞ்சான் கயிற்றின் நுனியிலும் மாட்டலாம். (தாமான், ஆஞ்சான் இரண்டுமே தமிழ்ப் பேரகராதியில் இருக்கின்றன. ஷீட், ஹேலியர்ட் என்றே பேசும் உன் கூட்டாளிகளுக்குச் சொல்லிவை.)

எங்கே கூடாது? நங்கூரச் சங்கிலியில் கூடாது. பாறையும் சிப்பியும் அறுத்துவிடும். கூர்விளிம்புத் தகட்டுத் துளையில் கூடாது. எஞ்சின் புகைக்குழாய் அருகே கூடவே கூடாது. சுமார் 145 டிகிரியில் இந்த இழை உருகும். அங்கெல்லாம் இரும்பை மாட்டி, ஆணியைக் கம்பியால் கட்டு. எதில் உரசும் என்று பார்த்த பிறகுதான் கயிறா இரும்பா என்று முடிவெடுக்க வேண்டும். மேலே பஞ்சு மாதிரி எழுந்தால் பயப்படாதே. இழை வெட்டுப்பட்டிருந்தாலோ, உருகிக் கெட்டித்திருந்தாலோ தூக்கிப் போடு.

நம் ஊரைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டு தில்னாவும் 17 மீட்டர் நீளமுள்ள தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். படகில் இருந்தது இரண்டே பேர். நள்ளிரவில் ஒரு கட்டு திறக்கவில்லை என்றால் கூப்பிட ஆள் இல்லை. அதை நினைத்துக்கொண்டு உன் கட்டைப் போடு.

அடுத்த ஞாயிறு நீயே செய்த இரண்டு ஷாக்கிள்களோடு வா. கண்ணைக் கட்டிவிட்டு, கையை நனைத்துவிட்டுத் திறக்கச் சொல்வேன். கத்தியையும் தீட்டிக்கொண்டு வா. மொட்டைக் கத்திக்கு இந்தக் கயிறு மசியாது.

அன்புடன்,
உன் சார்