குருணைக்குக் காரணம் களத்தில் இருக்கிறது

அரிசி ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் புதிதாகச் சேருகிறீர்களா? குருணை கூடிப்போனால் எல்லாரும் பாலிஷரையும் ரப்பர் ரோலரையும்தான் முறைப்பார்கள். நீங்கள் நேரே களத்துக்குப் போங்கள். பல மணிகள் மெஷினுக்குள் விழுமுன்பே விரிசல் விட்டிருக்கும்.

ஈரம் கூடிய மணி மெத்தென்றிருக்கும். அழுத்தினால் நசுங்கும், உமி லேசில் கழலாது. மிஞ்சிக் காய்ந்த மணி கெட்டிதான், ஆனால் பட்டென்று நொறுங்கும். பச்சரிசி அரவைக்கு 13, 14 சதவீதம் நல்ல பதம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வழக்கமான வரம்பான 17 சதவீதம் நெல் வாங்குவதற்கான கணக்கு. அதையே அரவைக்கும் சொல்லும் மேலாளர்கள் உண்டு, நம்பாதீர்கள்.

ஈரப்பத மீட்டர் காட்டும் எண்ணைவிட, ஈரம் எவ்வளவு வேகமாக மாறியது என்பதே முக்கியம். காய்ந்த நெல்லின்மேல் தூறலோ பனியோ பட்டால் மணியின் மேற்பகுதி ஈரத்தை இழுத்து உப்பும். நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். இந்த இழுபறியில் மணியின் நடுவே குறுக்காக வெடிப்பு விழும். மறுநாள் வெயிலில் காய்ந்து மீட்டரில் அழகாக 14 காட்டும். விரிசல் அப்படியே இருக்கும்.

டிரையரில் அவசரமாகக் காயவைத்தால் கதை வேறு. மேற்பகுதி முதலில் காயும், நடுவில் ஈரம் தங்கும். வெளியே எடுத்தபின் அந்த ஈரம் மேலே பரவ, மேற்பகுதி விரியும், நடுப்பகுதி சுருங்கும். அதனால் வெடிப்பு சில மணி நேரம் கழித்தே தெரியவரும். "நான் கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று டிரையர்க்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. தவணை தவணையாகக் காயவைத்து, இடையில் ஆறப்போடச் சொல்லுங்கள்.

களத்தில் நெல்லை 2 முதல் 4 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளற வேண்டும். பொழுது சாயுமுன் தார்ப்பாய். சூடான நெல்லை ஆறவைத்தே மீட்டரில் போடுங்கள். பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுங்கள். பிறகு 100 மணிகளைக் கையால் உரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குறுக்குக் கோடு விழுந்தவை எத்தனை என்று அரவைக்கு முன்பே பதிவேட்டில் எழுதிவிடுங்கள். பின்னால் பஞ்சாயத்து வரும்போது அந்தப் பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

எடைக் கணக்கையும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 20 சதவீத ஈரத்தில் வந்த 100 கிலோ நெல், 14-க்குக் காய்ந்தால் சுமார் 93 கிலோதான் நிற்கும். சொல்லாமல் விட்டால் சந்தேகம் வாட்ச்மேன் தலையில் விழும்.

விரிசல் அதிகமுள்ள லாட்டைப் புழுங்கலுக்குத் திருப்பிவிடலாம். அவிக்கும்போது மாவுச்சத்து கூழாகிப் பழைய வெடிப்பு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவித்த நெல்லை ஒரே மூச்சில் 14-க்கு இறக்கினால் மறுபடி வெடிக்கும். 18-ஐ ஒட்டி நிறுத்தி, சில மணி நேரம் குவித்து வைத்துவிட்டு மிச்ச ஈரத்தைக் காயவையுங்கள்.