ஓவியா எந்த வகை?

கேள்வி: பிக் பாஸ் தமிழ் முதல் சீசனை விடுமுறையில் மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். ஓவியா ‘இ.என்.எஃப்.பி.’ வகை, அதில் ‘இ’ என்றால் எக்ஸ்ட்ராவெர்ட் என்று அவள் அடித்துச் சொல்கிறாள். தனியாகப் பாடிக்கொண்டு, தனியாகப் படுத்துக் கிடக்கிற பெண் எப்படி எக்ஸ்ட்ராவெர்ட் ஆவார் என்பது என் வாதம். சண்டை அதோடு நிற்கவில்லை. ஆன்லைனில் டெஸ்ட் எழுதியதில் இவளுக்கும் அதே வகை வந்ததாம். அதனால் கேம்பஸில் கிடைத்த ஆடிட் வேலை தனக்கு ஒத்துவராது என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல் ரவுண்டு உங்கள் மகளுக்குத்தான். தனியாக இருந்தால் இன்ட்ரோவெர்ட், ஆடிப் பாடினால் எக்ஸ்ட்ராவெர்ட் என்ற கணக்கு உளவியலாளர் கார்ல் யுங் போட்டதல்ல. 1921இல் வந்த நூலில் அவர் கவனித்தது, ஒருவருடைய மனம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை. வெளியே இருக்கும் மனிதர்கள் பக்கமா, உள்ளே ஓடும் எண்ணங்கள் பக்கமா? அந்த யோசனையை எடுத்துக் கேள்வித்தாளாக மாற்றி, நான்கு ஜோடி, ஜோடிக்கு ஓர் எழுத்தாகப் பதினாறு வகை என்று வகுத்தவர்கள் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும். இருவருமே முறைப்படி உளவியல் படித்தவர்கள் இல்லை. அம்மாவும் பெண்ணுமாகச் செய்த வேலை என்பதால் அது உங்கள் வீட்டுக்குள் வந்து சண்டை மூட்டியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது!

பிக் பாஸ் வீட்டில் காலையில் பாட்டுப் போட்டு எழுப்புவார்களே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதற்குள் ஓவியா ஆடத் தொடங்கியிருப்பார். பேச ஆள் இல்லாத நேரத்தில் கேமராவைப் பார்த்துப் பேசுவார். கேட்க ஆளில்லாதபோது கேமராவையே ஆளாக்கிக்கொள்கிறவரின் மனம் வெளிப்பக்கம் திரும்பியது என்று உங்கள் மகள் வாதாடலாம். கும்பலாக உட்கார்ந்து புறணி பேசும் இடத்துக்கு அவர் அதிகம் போகாததை வைத்து நீங்களும் வாதாடலாம். இந்த முறையின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. இரண்டு பக்கத்துக்கும் அது சாட்சி சொல்லும்.

அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் இருவரும் எடைபோடுவது யாரை என்பது. 24 மணி நேரமும் படம்பிடித்துவிட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை நமக்குக் காட்டுகிறார்கள். சும்மா பாத்திரம் கழுவிய பொழுதெல்லாம் எடிட்டிங் மேசையிலேயே போய்விடும். அதே சீசனில் இருந்த ஜூலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் கோஷம் போட்ட சில நிமிட வீடியோவைப் பார்த்து ‘வீரத் தமிழச்சி’ என்றோம். அதே ஆண்டு பிக் பாஸில், அவர் சொன்னது ஒன்று நடந்தது வேறு என்று தொகுப்பாளர் கமல் ஒரு குறும்படம் போட்டுக் காட்டியதும் ‘பொய்க்காரி’ என்றோம். ஒரே பெண், சில மாத இடைவெளி. இந்த இரண்டில் எதை வைத்து அவருக்கு நான்கு எழுத்து கொடுப்பது?

நிலைமை செய்வதை ஆளின் குணமாக எடுத்துக்கொள்வது நம் எல்லோரிடமும் உள்ள பழக்கம். 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்கு விதிக்கப்பட்டது என்று சொன்ன பிறகும், எழுதியவரின் சொந்தக் கருத்து அதுதான் என்ற பக்கமே மாணவர்கள் சாய்ந்தார்கள். பிக் பாஸ் வீட்டில் போன் கிடையாது, கடிகாரம் கிடையாது, வாராவாரம் நாமினேஷன். அங்கே யார் எரிந்து விழுந்தாலும் அதில் அந்த வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

எனக்குப் பிடித்த வழி வால்ட்டர் மிஷெல் என்ற உளவியலாளருடையது. ‘இவர் எப்படிப்பட்டவர்’ என்று கேட்காமல், ‘எது நடந்தால் இவர் என்ன செய்கிறார்’ என்று அவர் கேட்டார். ஓவியாவை இப்படிப் பாருங்கள். ஆரம்ப நாட்களில் ஜூலியை மற்றவர்கள் மடக்கியபோது பக்கத்தில் போய் ஆறுதல் சொன்னவர் இவர். தன்னையே ஒதுக்கியபோது ஆள் சேர்க்கப் போகவில்லை. பாட்டு, ஆட்டம், தூக்கம் என்று இருந்தார். மனம் ஒட்டிய ஒருவர் விலகியதாக உணர்ந்தபோதோ அந்த அலட்சியம் எல்லாம் போய்விட்டது. ஆகஸ்டில் தானாகவே வெளியேறினார். கூட்டத்தின் வெறுப்பைத் தூசியாகத் தட்டிவிட்டவர், ஒரே ஒருவருடைய விலகலில் தடுமாறினார். திரையில் தெரிந்த மனுஷியைப் பற்றி இந்த மூன்றும் சேர்ந்து சொல்வதில் கால்வாசியைக்கூட நான்கு எழுத்து சொல்லாது. அந்தக் கடைசி நாட்களைப் பற்றி இதற்கு மேல் நான் பேச மாட்டேன். நேரில் பரிசோதிக்காத பிரபலத்தின் மனநிலை பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லேயே விதி வைத்தது. நான் அந்தச் சங்கத்தில் இல்லை. விதி நல்ல விதி.

இனி வேலை விஷயம். இந்த டெஸ்டில் பெரும்பாலோர் மதிப்பெண் நடுவில்தான் விழும். நடுக்கோட்டைத் தாண்டி ஒரு மார்க் எடுத்தவருக்கும் உச்சத்தில் நிற்பவருக்கும் ஒரே எழுத்து. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் எழுத்து மாறுகிறவர்கள் நிறைய. ‘அப்படியே என்னைப் பற்றி எழுதியிருக்கிறது’ என்று அவள் சொல்வாள். 1949இல் வெளியான ஆய்வில் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே வர்ணனையை, அவரவருக்கென்று எழுதியதாகச் சொல்லிக் கொடுத்தார். தங்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். வாக்கியங்களில் பலவற்றை அவர் எடுத்தது ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து! ஆளை வேலைக்குத் தேர்ந்தெடுக்க மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கிறவர்களே சொல்கிறார்கள்.

தவிர, ஆடிட் என்றால் நாள் முழுக்க லெட்ஜரோடு உட்காருவது என்று யார் சொன்னது? கிளையன்ட் ஆபீசுக்கும் கோடவுனுக்கும் அனுப்புவார்கள். ஸ்டாக் எண்ண வேண்டும். பில்லை எடுத்துத் தராமல் இழுத்தடிக்கும் அக்கவுன்டன்ட்டிடம் நயமாகப் பேசி வாங்க வேண்டும். ஓவியாவைப் போலக் கலகலப்பான பெண்ணுக்கு அது பாதகமா என்ன?

மகளிடம் வகையைப் பற்றிப் பேசாதீர்கள். காலேஜ் புராஜெக்டில் எந்த வேலையைச் சொல்லாமலே எடுத்துச் செய்தாள், எதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டாள் என்று கேளுங்கள். அதே கம்பெனியில் ஓரிரு வருஷம் வேலை பார்த்த சீனியர் யாராவது காலேஜில் தெரிந்தவராக இருப்பார். ஆஃபருக்குப் பதில் சொல்வதற்கு முன் அவரிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். சம்பளம் போதாது, ஊர் தூரம், நேரம் காலம் இல்லாத வேலை என்று வந்து சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.