பெயரும் மூலிகையும்

ஒரு பொருளின் பெயர் தெரிந்தவுடன் அந்தப் பொருளே தெரிந்துவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் கேரள எல்லைப்பகுதிகளின் மூலிகைகள் நமக்கு உணர்த்துகின்றன.

பாலக்காடு மாவட்டத்தின் வாளையாறு, இடுக்கி மாவட்டத்தின் குமுளி போன்ற இடங்களில் ஒரே செடி இரு பெயர்களுடன் வாழ்கிறது. மூட்டுவலிக்கு மரபு மருந்தான முடக்கற்றான் மலையாளத்தில் 'உழிஞ்ஞ' எனப்படுகிறது. முடக்கை அறுப்பது என்று தமிழ்ப் பெயர் அதன் பயனைக் கூறுகிறது. மலையாளப் பெயரோ தொல்காப்பியத்தின் உழிஞைத் திணையை நினைவூட்டுகிறது. பொங்கலை ஒட்டிக் கொங்கு நாட்டார் வீட்டில் காப்புக் கட்டும் சிறுபீளை, எல்லையைத் தாண்டினால் 'செறூள' ஆகிறது. கேரளத்தில் அது தசபுஷ்பங்கள் என்னும் பத்து மூலிகைகளுள் ஒன்று. சிறுநீர்க் கல்லடைப்புக்கு இரு பக்கத்தாரும் அதையே நாடி வந்துள்ளனர். இங்கெல்லாம் பெயர் இரண்டு, பொருள் ஒன்று.

பெயர் ஒன்றாகவும் பொருள் இரண்டாகவும் இருக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. 'பிரம்மி' என்றால் கேரள வைத்தியர் ஈரநிலத்தில் படரும் நீர்ப்பிரம்மியைக் கொள்வார். வட இந்தியாவில் பலர் வல்லாரையையும் அப்பெயரால் அழைக்கின்றனர். 'சங்கபுஷ்பி' கேரளத்தில் சங்குப்பூக் கொடி. வடக்கே தரையோடு படரும் வேறொரு செடி. நூலில் பெயரை மட்டும் படித்துவிட்டு மருந்து தேடுபவரின் கையில் எது வந்து சேரும்?

சில வேளைகளில் இந்த மயக்கம் உயிரையே பறிக்கும். தமிழில் செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்றும், மலையாளத்தில் மேந்தோன்னி என்றும் வழங்கும் கொடியின் கிழங்கில் கோல்சிசின் என்னும் கொடிய நச்சு உள்ளது. உண்ணத்தக்க கிழங்கு என்று எண்ணித் தின்றவர்கள் மாண்டதுண்டு.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியரின் அறிவைத் துணைக்கொண்டு டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அது பெயர்களோடு நிற்கவில்லை. செடிகளின் உருவத்தையும் வரைந்து காட்டியது. மலைவாழ் மூத்தோரும் பெயரைச் சொல்லி அனுப்புவதில்லை; காட்டுக்கு அழைத்துச் சென்று இலையைக் கிள்ளி முகரச் செய்கின்றனர்.

ஆகவே, மூலிகையை நாடுபவர் அதன் ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரையும் கேட்டறிய வேண்டும். தகுந்த வைத்தியர் நேரில் அடையாளம் காட்டிய பின்னரே உட்கொள்ள வேண்டும். பெயர் அறிவின் வாயில் மட்டுமே. வாயிலில் நின்றுகொண்டு வீட்டைக் கண்டுவிட்டதாகக் கூறலாகாது.