80 டாலர் அறை, 500 டாலர் வில்லா: மாலத்தீவில் எங்கே தங்குவது?

மாலத்தீவு என்றதும் எல்லாருக்கும் மனசில் வர்றது ஒரே படம்தான். பச்சையும் நீலமுமாக் கடல், அதுக்கு நடுவில் கால் ஊன்றி நிற்கிற மரக் குடில்கள், ஒரு ஊஞ்சல். அந்த ரீலைப் பார்த்துவிட்டு விலையைத் தேடினால் ஒரு ராத்திரிக்கு 500 டாலர், 1,000 டாலர் என்று வரும். இன்னும் கொஞ்சம் கீழே போனால் அதே நாட்டில், அதே கடலோரத்தில் 80 டாலருக்கும் ஒரு அறை இருக்கும். பிளேஸ்மென்ட் ஆன ஒரு கூட்டம் முதல் சம்பளங்களைச் சேர்த்து வைத்து "போலாமா மச்சான்?" என்று கிளம்பும்போது, இந்த இரண்டு விலைக்கும் நடுவில் என்ன இருக்கு என்று தெரிந்திருப்பது நல்லது. ஏன்னா 80 என்பது கடைசியில் 80 ஆக இருக்காது. 500-ம் அப்படியே நிற்காது.

இந்த விலை வித்தியாசத்தை "ஆடம்பரம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதில் பெரும்பகுதி மெத்தைக்கும் ஷாம்பெயினுக்கும் போகிறதில்லை. ஜெனரேட்டருக்கும், தண்ணீர்க் குழாய்க்கும், படகுக்கும் போகுது. நம்ம சிலபஸ் தான்.

தனித் தீவு எப்படி வந்தது

மாலத்தீவில் சுமார் 1,200 பவளத் தீவுகள். மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில். மீதியில் பல காலித் தீவுகள். 1972-ல் அப்படி ஒரு காலித் தீவில்தான் முதல் ரிசார்ட் திறந்தது: தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில், 'குரும்பா'. திவேஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர்க்காய். நம்ம ஊரில் தென்னம்பிஞ்சைக் குரும்பை என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதே வார்த்தை. பவளக்கல் சுவரும் ஓலைக் கூரையுமாக 30 அறைகள், அவ்வளவுதான் ஆரம்பம்.

அதிலிருந்து ஒரு கொள்கை உருவானது: ஒரு தீவு, ஒரு ரிசார்ட். அரசு தீவைக் குத்தகைக்கு விடும், கம்பெனி கட்டும், வெளிநாட்டுப் பயணி அங்கேயே இறங்கி அங்கேயே திரும்புவார். ஊர்த் தீவுகளில் இருந்த சின்ன விடுதிகள் 1980-களில் நிறுத்தப்பட்டன. முஸ்லிம் நாடு, மது கூடாது, கடற்கரையில் உடை பற்றிய சங்கடம். இரண்டு உலகங்களையும் கடலே வேலி போட்டுப் பிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். 2009-க்குப் பிறகுதான் ஊர்த் தீவுகளில் மறுபடியும் கெஸ்ட் ஹவுஸுக்கு அனுமதி வந்தது. மாலேவுக்குத் தெற்கே இருக்கிற மாஃபுஷி என்ற தீவு அதை முதலில் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு நாடு முழுக்க 170-க்கு மேல் ரிசார்ட், 800-க்கு மேல் கெஸ்ட் ஹவுஸ்.

ஆக ரிசார்ட்டில் நீங்கள் எடுப்பது, அந்தத் தொழிலுக்காகவே கட்டப்பட்ட ஒரு தனி ஊரில் பங்கு. கெஸ்ட் ஹவுஸில் எடுப்பது, ஏற்கனவே மனிதர்கள் வாழ்கிற ஊரில் ஒரு அறை. பில்லில் வர்ற எல்லாமே இங்கிருந்துதான் கிளம்புது.

ஒரு லிட்டர் டீசல், ஆயிரம் லிட்டர் தண்ணீர்

பவளத் தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புநீர் மேல் மிதக்கும். கண்ணாடி லென்ஸ் வடிவில் இருப்பதால் அதற்கு நன்னீர் லென்ஸ் என்றே பெயர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 செ.மீ. நின்றால் கீழே சுமார் 40 செ.மீ. ஆழம் வரை இருக்கும் (சிவில் நண்பர்களுக்கு கைபன்–ஹெர்ஸ்பெர்க் நினைவு வரும்). கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பம்ப் போட்டு அளவுக்கு மீறி இழுத்தால் அதே 40 மடங்கு வேகத்தில் உப்பு மேலே ஏறிவிடும். நூறு பேர் தினமும் ரெண்டு தடவை ஷவரில் நிற்கிற இடத்துக்கு இது தாங்காது.

அதனால் கடல்நீர் ஆர்.ஓ. கடல்நீரின் ஆஸ்மாடிக் அழுத்தம் சுமார் 27 பார். அதைத் தாண்டி, 55 முதல் 70 பார் வரை அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாகத் தள்ளணும். 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் கரண்ட் ஆகும். ஒரு லிட்டர் டீசலில் நல்ல ஜெனரேட்டர் கொடுப்பதும் ஏறக்குறைய 3.5 யூனிட். அதாவது ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு ஒரு லிட்டர் டீசல்.

தண்ணீர்தான் பெரிய செலவு என்று நினைப்போம். கணக்குப் போட்டால் வேற கதை. இருவர் தங்கும் வில்லாவில் ஆளுக்கு 500 லிட்டர் வைத்தாலும் தண்ணீருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் டீசல். அதே வில்லாவின் 1.5 டன் ஏசி, சராசரியாக மணிக்கு 1 யூனிட் என்று 16 மணி நேரம் ஓடினால் 16 யூனிட், கிட்டத்தட்ட நாலரை லிட்டர் டீசல். தனி நீச்சல் குளம் இருந்தால் அதன் பம்புக்கு இன்னும் ரெண்டு லிட்டர். ஆக கடலை நன்னீராக்குவதைவிட, கடலைப் பார்த்தபடி இருக்கிற கண்ணாடிச் சுவர் அறையைக் குளிர வைப்பதுதான் பெரிய வேலை!

கெஸ்ட் ஹவுஸிலும் ஏசி உண்டு. ஆனால் ரிசார்ட்டில் அறைக்கு வெளியேதான் உண்மையான லோடு: குளிர்பதனக் கிடங்கு, லாண்டரி, கழிவுநீர் சுத்திகரிப்பு, ஊழியர் குடியிருப்பு. ஆடம்பர ரிசார்ட்டுகளில் விருந்தினரைவிட ஊழியர் எண்ணிக்கை அதிகமாக இருப்பது சாதாரணம். அவர்களும் அங்கேயேதான் தூங்கணும், சாப்பிடணும். அரிசி முதல் டீசல் வரை எல்லாம் படகில் வரணும். இதோடு எதுக்கும் ஒரு ஸ்டாண்ட்பை வேணும். 2014 டிசம்பரில் மாலேவின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த தலைநகரத்தில் குழாய் வறண்டுவிட்டது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. ஒரு நாட்டின் தலைநகருக்கே அந்த நிலை என்றால், தனியாக நிற்கிற ஒரு தீவு ஏன் எல்லாத்தையும் இரண்டாக வாங்கி வைக்கிறது என்று புரியும்.

ஊர்த் தீவில் இதே ஜெனரேட்டரும் ஆர்.ஓ.வும் பள்ளிக்கூடம், மசூதி, டீக்கடை, மீனவர் வீடு எல்லாத்துக்கும் பொது. கெஸ்ட் ஹவுஸ் அதில் ஒரு கனெக்‌ஷன். விலை குறைவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

ஆனால் இதை வைத்து "கெஸ்ட் ஹவுஸ்தான் இயற்கைக்கு நல்லது" என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பல ஊர்த் தீவுகளில் குப்பையை ஒழுங்காகக் கையாள வசதி குறைவு, ரிசார்ட்டுக்கு அதற்கான கட்டாயமும் பணமும் உண்டு. மறுபக்கம், நீர்மேல் வில்லாவுக்காகப் பவளத்திட்டில் தூண் இறக்குவதும் மணலை உறிஞ்சிக் கரையை நிரப்புவதும் ரிசார்ட் பக்கம்தான் அதிகம். இரண்டின் குப்பையும் கடைசியில் மாலே பக்கத்துக் குப்பைத் தீவான திலாஃபுஷியில் சந்தித்துக்கொண்ட காலம் உண்டு.

இப்போ பில்

இணையத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். இன்னொன்று சுற்றுலா ஜி.எஸ்.டி., 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். இது சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகை மேல் விழும். பசுமை வரி தனி: 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், ஊர்த் தீவில் 50 அறை வரை உள்ள விடுதியில் 6 டாலர்.

இரண்டு பேர், நாலு ராத்திரி என்று எடுத்துக்கொள்வோம். வரி விகிதம் நிஜம், மற்ற விலைகள் நான் வைத்த அனுமானம்.

கெஸ்ட் ஹவுஸ்: 80 × 4 = 320. சர்வீஸ் சார்ஜ் சேர்த்து 352. ஜி.எஸ்.டி.யோடு 412. பசுமை வரி 48, ஆக 460. ஸ்பீட்போட் போக வர இரண்டு பேருக்கு 100. காலை உணவு அறையோடு வந்துவிடும், மற்ற இரண்டு வேளைக்கு வேளைக்கு 12 டாலர் வைத்தால் 192. ஸ்நார்க்லிங் படகுப் பயணம் ஆளுக்கு இரண்டு, 160. மொத்தம் 912.

ரிசார்ட்: 500 × 4 = 2,000. சர்வீஸ் சார்ஜோடு 2,200. ஜி.எஸ்.டி.யோடு 2,574. பசுமை வரி 96, ஆக 2,670. கடல் விமானம் ஆளுக்குப் போக வர 450 என்றால் 900. மதியமும் இரவும் சாப்பாடு, வேளைக்கு 60 வைத்தால் 960. மொத்தம் 4,530.

ரூபாயில் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். நான் மாற்றிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, 80 டாலர் அறை உண்மையில் ராத்திரிக்கு 228 ஆகுது, கிட்டத்தட்ட மூணு மடங்கு. 500 டாலர் அறை 1,132 ஆகுது, ரெண்டேகால் மடங்கு. சதவீதத்தில் பார்த்தால் அதிகம் ஏமாற்றுவது மலிவான விலைப் பலகைதான். இரண்டு, கடல் விமானத்தின் 900 நாலு நாளானாலும் ரெண்டு நாளானாலும் மாறாது. "ரெண்டே ராத்திரி, ஆனா ரிசார்ட்" என்று போகிறவர்களுக்குப் பயணச் செலவே ராத்திரிக்கு 450. குறைந்த நாள் என்றால் மாலேவுக்குப் பக்கத்தில் ஸ்பீட்போட்டில் எட்டுகிற ரிசார்ட்டாகப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

பில்லில் வராதவை

ஊர்த் தீவில் மது கிடையாது. நீச்சலுடை, அதற்கென்று மறைத்து ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். தெருவில் தோளும் முழங்காலும் மூடிய உடை. ஐந்து வேளை பாங்கு கேட்கும், வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் மூடும், பல வழித்தடங்களில் அன்றைக்கு அரசு ஃபெர்ரியும் ஓடாது. மற்ற நாட்களில் அந்த ஃபெர்ரி சில டாலரில் மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். இதெல்லாம் கஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு ரிசார்ட்தான் சரி, அதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை.

எனக்கு இது ஈர்ப்பாகவே தெரியுது. காலையில் மஸ் ஹுனி கிடைக்கும்: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை பிசைந்து, ரோஷி என்ற மெல்லிய சப்பாத்தியோடு. நம்ம வீட்டுச் சம்பலில் போடுகிற மாசிக்கருவாட்டின் சொந்த ஊர் இதுதான். துலுஸ்தூ தீவில் கடல்நீரைச் சுத்திகரித்து கோக் தயாரிக்கிற ஆலை இருக்கு, பக்கத்து அலைக்கு சர்ஃபர்கள் 'கோக்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரிசார்ட்டில் ஒரு வாரம் இருந்தாலும் மாலத்தீவுக்காரர் வீட்டு வாசல் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்ப முடியும்.

ரிசார்ட் பக்கம் ஒரு நியாயமான வாதம் கடல்தான். நல்ல ஹவுஸ் ரீஃப் உள்ள ரிசார்ட்டில் படியிலிருந்து இறங்கினாலே பவளத்திட்டு, படகுக்குக் காசு வேண்டாம். தினமும் மூணு வேளை நீந்துகிற ஆள் என்றால் அந்த 4,530-க்குக் கொஞ்சம் அர்த்தம் வரும். நீந்தத் தெரியாமல் புகைப்படத்துக்காக மட்டும் போகிறவர்களுக்கு என் பரிந்துரை: மூணு ராத்திரி கெஸ்ட் ஹவுஸ், ஒரு நாள் மட்டும் டே பாஸ் எடுத்துப் பக்கத்து ரிசார்ட். மாஃபுஷியில் இதை ஏற்பாடு செய்கிறவர்கள் நிறைய. ஊஞ்சல் போட்டோ அங்கேயே கிடைச்சிடும்.

எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன் ஒரு மெயில் போட்டு இவற்றைக் கேளுங்கள். விலை எல்லா வரியும் சேர்த்ததா? படகு அல்லது விமானக் கட்டணம் எவ்வளவு? நாம் போகிற மாதத்தில் அறைக்கு முன்னால் மணல் இருக்குமா? இந்தக் கடைசிக் கேள்வி விளையாட்டு இல்லை. தென்மேற்குப் பருவத்தில் ஒரு பக்கம் சேர்கிற மணல், வடகிழக்குப் பருவத்தில் தீவைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். ஜனவரிப் புகைப்படத்தில் இருக்கிற கடற்கரை ஜூலையில் வேறு யாரோ ஒருவரின் ஜன்னலுக்கு முன்னால் இருக்கலாம்.

கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும் என்பதையும் டிக்கெட் போடும்போதே பாருங்கள். சாயங்காலம் மாலேவில் இறங்குகிற ஃப்ளைட் என்றால், 500 டாலர் வில்லாவுக்குப் பணம் கட்டியிருந்தாலும் முதல் ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில்தான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா இறங்கினதும் இலவசம், திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட உறுதியும் கையில் இருக்கணும். பெட்டியில் மது பாட்டில் வேண்டாம். வழிபாட்டுச் சிலைகளுக்கும் அனுமதி இல்லை, அம்மா பையில் வைத்து அனுப்புகிற சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.