காமாலையும் குடிநீரும்

புதுவையில் பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தை அறியாத அங்கத்தினர் நம்மில் இரார். பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில், முத்திரையர்பாளையத்து ஊற்று நீர் நகருக்கு வந்து சேர்ந்ததன் நினைவாக எழுந்தது அது. நல்ல நீருக்காக மண்டபமே கட்டிய ஊர் நம்முடையது. ஆயினும் தெருக்குழாயிலிருந்து நம் வாய்வரை நீர் வந்து சேரும் கடைசிப் பத்தடி வழியை நாம் அதிகம் எண்ணுவதில்லை.

காமாலை என்பது நோயின் பெயரன்று, அடையாளமே. மதுவாலும் வரும், பித்தக்கல்லாலும் வரும். நீராலும் உணவாலும் பரவுவது 'ஏ' வகைக் கல்லீரல் அழற்சி. இதன் வைரஸ் நோயுற்றவரின் மலத்தில் வெளிப்பட்டு மற்றவர் வாயை அடைகிறது. உடலுட் புகுந்தபின் ஏறக்குறைய நான்கு வாரம் மறைந்திருக்கும். பிறகு காய்ச்சல், குமட்டல், பசியின்மை. அதன் பின்னரே கண்ணில் மஞ்சள்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். கண் மஞ்சளிப்பதற்கு ஓரிரு வாரம் முன்னரே வைரஸ் மிகுதியாக வெளிப்படத் தொடங்கிவிடுகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிற் பெரும்பாலோருக்கு மஞ்சளே தோன்றுவதில்லை. அவர்கள் ஓடியாடிக்கொண்டே நோயைப் பரப்புவர். மஞ்சள் கண்டவரை மட்டும் ஒதுக்கிவைத்தல் கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரமே. தறிக்கூடத்தில் அனைவரும் விரல் தோய மொள்ளும் ஒரே குடத்தை நினைத்துப் பாருங்கள்.

நீர் சில மணி நேரமே வரும் குழாய்களில், நீர் நின்றதும் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அருகே சாக்கடை ஓட, குழாயிலும் விரிசலிருந்தால், கழிவை அது உள்ளிழுத்துக்கொள்ளும். 1955-ஆம் ஆண்டின் இறுதியில் டெல்லியில் இதனினும் பெரிய விபத்து நேர்ந்தது. யமுனை தன் போக்கை மாற்றியதால், நஜப்கர் வடிகாலின் சாக்கடை வஜீராபாத் நீரேற்று நிலையத்துள் புகுந்தது. குளோரினை மிகுதியாகச் சேர்த்தனர். டைபாய்டு பெருகவில்லை; ஆனால் ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது 'ஏ' வகையன்று, அதே வழியிற் பரவும் 'ஈ' வகை என்பது பல்லாண்டுகள் கழித்தே தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு அது மிகக் கொடியது.

பயிரிடுவோருக்கும் இதிற் பங்குண்டு. 2003-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஓர் உணவகத்தில் பச்சையாகப் பரிமாறிய வெங்காயத்தாளால் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் 'ஏ' வகைக்கு ஆளாயினர், மூவர் மாண்டனர். கொத்தமல்லியையும் புதினாவையும் சாக்கடை கலந்த வாய்க்காலில் அலசிச் சந்தைக்கு அனுப்புவோர் இதை அறிதல் நன்று.

சிகிச்சை யாது? இவ்வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை. ஓய்வும் போதிய உணவும் நீரும் இருப்பின், பெரும்பாலோர் ஓரிரு மாதங்களில் தாமே குணமடைவர்; மீண்டும் இந்நோய் அவர்களுக்கு வராது. கீழாநெல்லி பெற்ற புகழில் ஒரு பகுதி, இவ்வாறு தானே தீரும் இயல்பால் வந்தது என்பது எம் கருத்து. உப்பையும் எண்ணெயையும் முற்றும் விலக்கி நோயாளியை மெலியச்செய்யும் பத்தியம் வேண்டா. விலக்கவேண்டியது மதுவை, புதுவையில் இதைச் சற்று உரக்கவே சொல்லவேண்டியிருக்கிறது. மருத்துவரைக் கேளாமல் காய்ச்சல் மாத்திரைகளை விழுங்குவதும் கல்லீரலுக்குக் கேடு. ஓயாத வாந்தி, மிகுந்த உறக்கம், பிதற்றல், இரத்தக்கசிவு, இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. வயது ஏறுந்தோறும் ஆபத்து மிகும்.

குடிநீர் வெதுவெதுப்பானாற் போதாது. தளதளவென்று ஒரு நிமிடமேனும் கொதிக்கவேண்டும். கொதித்ததைப் பச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. செய்த வேலை அத்தனையும் அந்த ஒரு செம்பில் வீணாகிறது. ஆறிய நீரை மூடிவைத்து, பிடியுள்ள அகப்பையால் மொள்ளுக. கழிப்பிடத்திலிருந்து வந்ததும், சமைக்குமுன்னும், குழந்தையின் மலம் அலம்பியபின்னும் சோப்பினாற் கை கழுவுக. ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் போடத்தக்க தடுப்பூசியும் உண்டு. அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறியலாம்.