உப்பு விளைவதும் ஒளிப்படலம் விளைவதும்

எண்ணூர்க் கழியை அடுத்த உப்பளங்களில் பாடுபட்டவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பாத்தியில் கட்டிய உவர்நீர் நிதானமாக வற்றினால் உப்பு கல்லாக விளையும். விரைந்து வற்றினால் பொடியாகிவிடும். உவர்நீர் ஒன்றே, விளையும் பக்குவம்தான் வேறு. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மென்படலத் தகடுகளின் சூட்சுமமும் ஏறக்குறைய இதுவே.

இத்தகடுகள் நம் மாநிலத்திலேயே உற்பத்தியாகின்றன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் பர்ஸ்ட் சோலார் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. காட்மியம், டெல்லூரியம் என்னும் இரு தனிமங்கள் சேர்ந்த கூட்டுப்பொருளே இத்தகட்டின் உயிர். வழக்கமான சிலிக்கன் வில்லையின் கனம் சுமார் 150 மைக்ரான். இப்படலத்துக்கு இரண்டு மூன்று மைக்ரானே போதும்.

அக்கூட்டுப்பொருளை ஆவியாக்கிச் சூடான கண்ணாடியின்மேல் படியச் செய்கிறார்கள். கண்ணாடியில் உஷ்ணம் போதாவிடில், வந்து விழும் அணுக்கள் விழுந்த இடத்திலேயே உறைந்து, படிகங்கள் பொடிப்பொடியாக அமையும். உஷ்ணம் போதுமானதாயின் அவை நகர்ந்து தத்தம் இடத்தில் பொருந்தும், படிகங்கள் பெரிதாகும். உஷ்ணம் மிஞ்சினாலோ கண்ணாடி நெளியும். படிந்ததும் மீண்டும் ஆவியாகும். படிகத்துக்கும் படிகத்துக்கும் இடையிலுள்ள வரப்பில்தான் மின்னோட்டம் வீணாகிறது. ஆகவே படலம் அமைந்தபின் காட்மியம் குளோரைடு இட்டு, சுமார் 400 டிகிரி சூட்டில் பதப்படுத்தி, அவ்வரப்புகளின் குறையைத் தீர்க்கிறார்கள். இப்பக்குவம் தவறிய தகடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். மின்சாரம் மட்டும் குறையும்.

விவசாயிக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். நன்றாக வெயில் காயும் வேளையில் ஒரு கிலோவாட் பெறுவதற்கு, 10 சதவீதத் திறனுள்ள தகடு 10 சதுர மீட்டர் பரப்பைக் கேட்கும்; 19 சதவீதத் திறனுள்ளது ஐந்தேகால் சதுர மீட்டரில் முடித்துவிடும். இவ்வகைத் தகடுகள் பெரும்பாலும் பெரிய மின்நிலையங்களுக்கே செல்வதால், நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருவோரிடம் தகட்டின் திறனைக் கேட்பது அவசியம். இன்னொன்றும் உண்டு. திறனை 25 டிகிரி சூட்டில்தான் அளந்து குறிக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகடு 60 டிகிரியைத் தாண்டும். அச்சூட்டில் எல்லாத் தகடுகளும் சோர்வடையும். மென்படலம் சிலிக்கனைவிடச் சற்றுக் குறைவாகச் சோர்வடையும். நம் பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பலும் படிவதால், நல்ல நீரால் கழுவுவதற்கும் ஏற்பாடு வேண்டும், உவர்நீர் ஆகாது.

காட்மியம் விஷப்பொருள். கண்ணாடிகளுக்கிடையே அடைபட்டுள்ளவரை பயமில்லை. உடைந்த தகட்டைக் கழியிலோ குப்பைமேட்டிலோ எறியலாகாது. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சூரியத் தகடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. உடைந்தவற்றை யார், எத்தனை நாளில் எடுத்துச் செல்வார் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குவார்களாக.